வன்தட்டு தெரியவில்லை: ஒரு சொல்லும் ஐந்து நிலைகளும்

தமிழில் 'தெரிதல்' என்னும் வினைக்கு இருபொருள் உண்டு. கண்ணுக்குப் புலப்படுதல் ஒன்று. அறிவுக்கு எட்டுதல் மற்றொன்று. 'கணினியில் வன்தட்டு தெரியவில்லை' என்று நாம் கூறும்போது இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. திரையில் வன்தட்டின் குறியுரு தோன்றவில்லை என்பது ஒரு செய்தி. அப்படி ஒரு வன்தட்டு இணைக்கப்பட்டிருப்பதையே கணினி அறியவில்லை என்பது முற்றிலும் வேறொரு செய்தி. முன்னதைப் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். பின்னதற்குத் தேர்ந்த வல்லுநரின் ஆய்வுக்கூடம் தேவைப்படலாம்.

இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால் விளையும் தீங்கு சிறிதன்று. கம்பி தளர்ந்திருந்த வன்தட்டைப் பழுதானதென்று எண்ணிக் குப்பையில் இட்டோர் உண்டு. உள்ளே உறுப்புச் சிதைந்த வன்தட்டை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்து, மீட்டிருக்கக்கூடிய கோப்புகளையும் இழந்தோர் உண்டு. எனவே, பழுதை நீக்க முற்படுவதற்கு முன், அது எந்நிலையில் நேர்ந்துள்ளது என்பதைச் சொல்லால் பிரித்தறிய வேண்டும். அவ்வாறு பிரித்தறியும் முறையை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனைத் தொழில்நுட்பரின் கவலை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. ஜொகூர் மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகளிலும் தமிழ் அமைப்புகளிலும் உள்ள வன்தட்டுகளில் எவை இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்போம். ஓர் ஆசிரியர் பல்லாண்டு உழைத்து உருவாக்கிய வினாத்தாள்கள், பள்ளி மலர்களின் மூலக்கோப்புகள், தோட்டங்கள் மறைந்தபின் இடம்மாறிய பள்ளிகளின் பழைய ஒளிப்படங்கள், தோட்டப்புற முதியோரின் குரற்பதிவுகள் முதலியன அவற்றுள் அடங்கும். வன்தட்டைக் கடையில் வாங்கலாம். இவற்றை எக்கடையிலும் வாங்க இயலாது.

வன்தட்டு தன்னை அறிவிக்கும் முறை

ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட ராமாக் என்னும் கணினியில்தான் முதல் வணிக வன்தட்டு இடம்பெற்றது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. அவ்வளவு பெரிய பொறி ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டது. இன்று கையடக்கமான பெட்டியில் அதனைப் போல் பல இலட்சம் மடங்கு தரவு அடங்குகிறது. ஆயினும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தட்டு சுழல்கிறது. அதன்மேல் எழுதுபடிமுனை ஒன்று நகர்ந்து, காந்தத் திசைகளாகத் தரவை எழுதியும் படித்தும் வருகிறது. இத்தட்டுகளின் அடித்தகடுகளை உருவாக்கும் ஆலையொன்றைச் சீகேட் நிறுவனம் நம் ஜொகூரிலேயே நடத்தியுள்ளது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

மடிக்கணினிகளில் உள்ள வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்கிறது. எழுதுபடிமுனை தட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் மெல்லிய காற்றுப்படலத்தின்மேல் அது மிதக்கிறது. முனைக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள வெளி, மயிரிழையின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே ஆகும். இதனை நினைவில் இருத்தினால், இயங்கிக்கொண்டிருக்கும் வன்தட்டை அசைப்பதும் தட்டுவதும் ஏன் தீங்கானவை என்பது தானே விளங்கும்.

கணினியை முடுக்கியதும் வன்தட்டு ஐந்து படிகளைக் கடந்தே நம் கண்முன் தோன்றுகிறது. முதற்படியில் அது மின்சாரம் பெறுகிறது. இரண்டாம் படியில் தட்டுகள் உரிய வேகத்தை அடைகின்றன. முனை தன் இருப்பிடத்திலிருந்து நகர்ந்து, தட்டிலேயே ஒரு தனிப்பகுதியில் எழுதப்பட்டுள்ள வன்தட்டின் சொந்த நிரலைப் படிக்கிறது. அதன் பின்னரே அது தன் பெயரையும் வரிசை எண்ணையும் கொள்ளளவையும் கூற வல்லதாகிறது. மூன்றாம் படியில் அச்செய்தி கம்பி வழியே தாய்ப்பலகையை அடைந்து, கணினியின் தொடக்க நிரலாகிய பயாஸில் பதிவாகிறது. நான்காம் படியில் விண்டோஸ் முதலிய இயங்குதளம் வன்தட்டின் பிரிவு அட்டவணையைப் படித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் டி, இ என்பனபோன்ற எழுத்தொன்றை வழங்குகிறது. ஐந்தாம் படியில் அப்பிரிவின் கோப்பு முறைமையைப் படித்துக் கோப்புகளின் பெயர்களை நமக்குக் காட்டுகிறது.

இவ்வைந்தில் எது தடைப்பட்டாலும் நாம் கூறுவது 'தெரியவில்லை' என்னும் ஒரே சொல்தான். எந்தப் படியில் தடை நேர்ந்தது என்று அறிவதே பழுதறிதலின் முதற்கடமை.

கைவைப்பதற்கு முன் கேட்கவேண்டிய வினா

சோதனையைத் தொடங்குமுன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. இவ்வன்தட்டில் உள்ளவற்றுக்கு வேறெங்கேனும் படி உள்ளதா? உள்ளதெனில் அச்சமின்றிச் சோதிக்கலாம். பழுது மிகுந்தாலும் இழப்பு ஒரு பொருளின் விலையளவே. இல்லையெனில், வன்தட்டைப் பிழைக்கவைப்பதை விட அதிலுள்ளவற்றை வெளியே எடுப்பதே நம் நோக்கமாக வேண்டும். இவ்விரு நோக்கங்களும் ஒன்றுபோலத் தோன்றினும், செயல்முறையில் ஒன்றுக்கொன்று முரணானவை. வன்தட்டைப் பிழைக்கவைக்கும் வழிகள் பல அதன்மேல் புதிதாக எழுதுகின்றன. கோப்புகளை மீட்கும் பணிக்கோ, அதன்மேல் ஓர் எழுத்தும் புதிதாக எழுதப்படாதிருத்தல் வேண்டும்.

ஆகவே, படி இல்லாத வன்தட்டு பழுதுறும்போது விலக்க வேண்டியவை நான்கு. ஃபார்மட் செய்யவா என்று கணினி கேட்டால் இசைதல் கூடாது. இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்டாலும் அவ்வாறே மறுத்தல் வேண்டும். பிழை திருத்தும் செக்டிஸ்க் கட்டளையை இயக்குதல் கூடாது. மீட்ட கோப்புகளை அதே வன்தட்டில் சேமித்தல் கூடாது. கணினி கேட்கும் கேள்விக்கெல்லாம் 'ஆம்' என்று விடையளிக்கும் பழக்கமே இங்குப் பகையாகிறது.

முதல் நிலை: மின்சாரம்

புறத்திலிருந்து அகத்தை நோக்கிச் செல்வதே முறை. வெளியிணைப்பு வன்தட்டாயின் அதனைக் காதருகே கொண்டுசென்று கேட்க வேண்டும். சுழலும் மெல்லொலி எழுகிறதா? விளக்கு எரிகிறதா? இரண்டும் இல்லையெனில் மின்சாரம் சேரவில்லை என்று முதற்கண் கருதலாம்.

யு.எஸ்.பி. இரண்டாம் தலைமுறைத் துளை 500 மில்லியாம்பியர் மின்னோட்டத்தையும், மூன்றாம் தலைமுறைத் துளை 900 மில்லியாம்பியரையும் வழங்கும் வகையில் வரையறுக்கப்பட்டவை. சிறிய வன்தட்டும்கூடச் சுழலத் தொடங்கும் கணத்தில் மிகுதியான மின்னோட்டத்தை வேண்டி நிற்கும். எனவே, பல சாதனங்கள் செருகப்பட்ட கிளைப்பெட்டியிலோ, மேசைக் கணினியின் முன்பக்கத் துளையிலோ இணைத்தால் அது சுழல இயலாமல் நின்றுவிடக்கூடும். பின்பக்கத் துளையில் நேரடியாக, குட்டையான வேறொரு கம்பியால் இணைத்துப் பார்த்தல் வேண்டும். மூன்றரை அங்குலப் பெரிய வன்தட்டாயின் அதற்குரிய 12 வோல்ட் மின்மாற்றியைச் சோதிக்க வேண்டும். வேறொரு கருவியின் மின்மாற்றியை, முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகுதல் கூடாது. கணினியின் உள்ளே உள்ள வன்தட்டாயின், மின்சாரத்தை முற்றிலும் துண்டித்தபின், அதன் மின்கம்பியைக் கழற்றி மீண்டும் அழுத்திச் செருக வேண்டும்.

இரண்டாம் நிலை: வன்தட்டின் சொந்த நிரல்

மின்சாரம் சேர்ந்தும் வன்தட்டு தன் பெயரைக் கூறவில்லையெனில், தடை அதன் உள்ளேயே இருத்தல் கூடும். இங்குச் செவிதான் நம் கருவி. 'டக், டக்' என்று ஒரே சீராக ஒலி எழுந்தால், எழுதுபடிமுனை தான் தேடும் தடத்தைக் காணாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்பது பொருள். சுழல முயன்று முனகி நின்றுவிட்டால், முனை தட்டில் ஒட்டிக்கொண்டோ சுழலி இறுகியோ இருக்கலாம். இவ்விரண்டிலும் நாம் செய்யத்தக்கது ஒன்றே. உடனே மின்சாரத்தை நிறுத்துதல். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சிதைந்த முனை தட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டக்கூடும். சுரண்டப்பட்ட பூச்சோடு அதிலிருந்த எழுத்தும் போய்விடும்.

வன்தட்டைக் குளிர்பெட்டியில் வைத்தால் பிழைக்கும் என்னும் நம்பிக்கை ஒன்று பரவலாக உள்ளது. குளிர்ந்த பொருளை ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டுக் காற்றில் வெளியே எடுத்தால் அதன்மேல் நீர் அரும்பும். அந்நீர் தட்டின்மேல் படிவது பழுதைப் பெருக்குமேயன்றிக் குறைக்காது.

பெயரைக் கூறாத வன்தட்டில் தரவு அழிந்துவிட்டது என்று முடிவுகட்டுதல் தவறு என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. 2008ஆம் ஆண்டின் இறுதியில், சீகேட் நிறுவனத்தின் பாராகுடா 7200.11 வகை வன்தட்டுகள் சில, முன்னறிவிப்பு ஏதுமின்றிப் பயாஸிலிருந்து மறைந்தன. முதல்நாள் மாலை நன்றாக இயங்கிய வன்தட்டு, மறுநாள் காலை கணினியை முடுக்கியபோது இல்லாதது போலாயிற்று. காரணம் தட்டிலோ முனையிலோ இல்லை. வன்தட்டின் சொந்த நிரலில் இருந்த பிழையொன்று, உள்நிகழ்ச்சிக் குறிப்பேட்டின் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவைத் தொட்ட நிலையில் மின்சாரம் பெறும்போது, வன்தட்டைத் தொடக்கத்திலேயே முடக்கிவிட்டது. நிறுவனம் 2009 சனவரியில் பிழையை ஒப்புக்கொண்டு திருத்திய நிரலை வெளியிட்டது. தரவு வன்தட்டிலேயே கெடாமல் இருக்கிறது என்றும் அறிவித்தது. இழந்தோம் என்று அவசரப்பட்டு எறிந்தோரே உண்மையில் இழந்தனர்.

மூன்றாம் நிலை: கம்பியும் பயாஸும்

வன்தட்டு சீராகச் சுழல்கிறது; வேற்றொலி இல்லை; ஆயினும் பயாஸில் அதன் பெயர் இல்லை. இங்கு வழியையே ஐயுற வேண்டும். சாட்டா வகைத் தரவுக்கம்பி ஏழு தொடுமுனைகளை உடையது, விலை மலிவானது, அடிக்கடி தளர்வது. வேறொரு கம்பியை, தாய்ப்பலகையின் வேறொரு துளையில் மாற்றிச் செருகினாலே பல பழுதுகள் தீர்ந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இங்கு நாம் கைக்கொள்ள வேண்டிய அறிவியல் நெறி. கம்பி, துளை, கணினி ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றினால், எது பழுது என்பது இறுதிவரை தெரியாது. மாணவர்க்குச் சோதனைச்சாலையில் நாம் கற்பிக்கும் மாறிகளைக் கட்டுப்படுத்தும் முறை இதுவே.

சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகங்களுக்குச் சில தனித்தன்மைகள் உண்டு. எம்.2 எனப்படும் சிறுதுளை பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினும், சாட்டா முறையையோ என்.வி.எம்.இ. முறையையோ மட்டுமே ஏற்பனவும் உள. பொருந்தாத வகையைச் செருகினால், பொருள் புதியதாயினும் கணினி அதனை அறியாது. சில தாய்ப்பலகைகளில் எம்.2 துளையைப் பயன்படுத்தியதும் சாட்டா துளைகளுள் ஒன்றிரண்டு தாமே செயலிழக்கும். அண்மைக்கால இன்டெல் கணினிகள் சிலவற்றில் புதிதாக விண்டோஸ் நிறுவும்போது, பயாஸில் தெரியும் சேமிப்பகம் நிறுவும் திரையில் தெரிவதில்லை. அதற்குரிய இயக்கியை விரலியில் ஏற்றிக் கொடுத்தபின் அது தோன்றும். இவை மூன்றும் பழுதுகள் அல்ல, பொருத்தம் பற்றியவை.

நான்காம் நிலை: பிரிவும் எழுத்தும்

பயாஸில் பெயர் உள்ளது. விண்டோஸின் கோப்புறைத் திரையில் மட்டும் இல்லை. இந்நிலையில் நம் நெஞ்சு சற்று ஆறலாம். தொடக்கப் பொத்தானின்மேல் வலச்சொடுக்குச் செய்து, வட்டு மேலாண்மை எனப் பொருள்படும் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்னும் பகுதியைத் திறக்க வேண்டும். கோப்புறைத் திரையில் தோன்றாதவையும் அங்கே தோன்றும். பிரிவு நலமாக இருந்து, எழுத்து மட்டும் வழங்கப்படாதிருப்பின், ஓர் எழுத்தைத் தேர்ந்து வழங்கினால் போதும். பள்ளியின் வலையமைப்புச் சேமிப்பகம் முன்பே அதே எழுத்தைக் கொண்டிருப்பதால், புதிதாகச் செருகிய வன்தட்டு மறைந்து நிற்பதும் உண்டு.

ஆனால், முழுவதும் 'ஒதுக்கப்படாதது' என்று காட்டினாலோ, இனிஷியலைஸ் செய்யுமாறு கேட்டாலோ, பிரிவு அட்டவணை படிக்கப்படவில்லை என்பது பொருள். நூலின் பொருளடக்கப் பக்கம் கிழிந்ததற்கு இதனை ஒப்பிடலாம். இயல்கள் உள்ளே அப்படியே இருத்தல் கூடும். டெஸ்ட்டிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருள், பழைய பிரிவுகளின் எல்லைகளைத் தேடிக் காட்ட வல்லது. அதனையும் மூல வன்தட்டின்மேல் நேரே இயக்காமல், முழுப்படி ஒன்றை எடுத்து அப்படியின்மேல் இயக்குவதே நன்று.

ஐந்தாம் நிலை: கோப்பு முறைமை

வன்தட்டுக்கு எழுத்து உண்டு. சொடுக்கினால் 'பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்னும் பொருள்படக் கணினி கேட்கிறது. இவ்வினா பலரைத் தவறாக நடத்தியுள்ளது. 'எனக்குப் படிக்கத் தெரியவில்லை' என்று கூறவேண்டிய இடத்தில் கணினி 'இதனை அழிக்கவா' என்று கேட்கிறது. ஆப்பிள் கணினிக்கென வடிவூட்டப்பட்ட வன்தட்டை விண்டோஸில் செருகினாலும் இதே வினா எழக்கூடும். வன்தட்டோ கோப்புகளோ சிறிதும் பழுதுறவில்லை, படிப்பவருக்கு அவ்வெழுத்துமுறை தெரியாது, அவ்வளவே. எனவே, அவ்வன்தட்டு இதற்குமுன் எக்கணினியில் பயன்பட்டது என்று கேட்டறிதல் முதன்மையானது.

மறையாக்கம் இன்னொரு காரணம். இக்கால மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்னும் காப்புமுறை இயங்குகிறது. அத்தகைய வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தால் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அத்திறவுகோல் உரியவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். வெளியிணைப்பு வன்தட்டுகள் சிலவற்றில், பெட்டியிலுள்ள சில்லே தரவை மறையாக்கம் செய்கிறது. பெட்டியை உடைத்து உள்ளிருப்பதை மட்டும் வேறிடத்தில் இணைத்தால் பொருளற்ற எழுத்துக்குவியலே கிட்டும். ஆதலின் பெட்டியை எறிந்துவிடுதல் கூடாது.

உண்மையிலேயே கோப்பு முறைமை சிதைந்திருப்பின், வன்தட்டின் உடல்நலத்தை முதலில் அறிய வேண்டும். ஸ்மார்ட் எனப்படும் தற்சோதனைக் குறிப்பில், 5ஆம் எண் வரி மாற்றிடப்பட்ட பழுதுப் பகுதிகளையும், 197ஆம் எண் வரி படிக்க இயலாது காத்திருக்கும் பகுதிகளையும் குறிக்கும். இவை பெருகிக்கொண்டிருந்தால் வன்தட்டின் எஞ்சிய காலம் குறுகியது. அந்நிலையில் டிடிரெஸ்கியூ என்னும் லினக்ஸ் கருவி பெரிதும் உதவும். அது எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் படியெடுத்துவிட்டு, இடர்மிக்க பகுதிகளுக்குப் பின்னரே திரும்பி வருகிறது. தேர்வில் எளிய வினாக்களுக்கு முதலில் விடையெழுதும் மாணவரின் முறையே அது.

வெள்ளமும் இடியும்

ஜொகூரில் வாழும் நாம் வெள்ளத்தை மறந்து வன்தட்டைப் பற்றிப் பேச இயலாது. 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் கோத்தா திங்கி நகரம் அடுத்தடுத்து இருமுறை நீரில் மூழ்கியது. 2023 மார்ச்சில் சிகாமட், யோங் பெங், பத்து பகாட் வட்டாரங்களில் வெள்ளம் பரவியது. தரைத்தளத்து அலுவலறையின் கீழ்த்தட்டில் வைத்த கணினியே இத்தகைய நாளில் முதலில் நனையும்.

பெரும்பாலான வன்தட்டுகளில் காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் நுண்துளை ஒன்றுண்டு. நீரும் சேறும் அவ்வழியே உட்புகும். நனைந்த வன்தட்டை ஒருபோதும் மின்சாரத்தில் இணைத்தல் கூடாது. வெயிலிலோ சூட்டுக்காற்றிலோ உலர்த்துவதும், அரிசியில் புதைப்பதும் தவறு. உலர்ந்த சேறு தட்டில் இறுகிப் படியும். ஈரத்தோடேயே நெகிழிப்பையில் இறுகக் கட்டி, மீட்பு வல்லுநரிடம் விரைந்து சேர்ப்பதே தக்கது.

இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. மின்னலால் மின்னழுத்தம் திடீரென உயரும்போது வன்தட்டின் அடியிலுள்ள மின்சுற்றுப்பலகை கருகுவதுண்டு. தட்டுகள் நலமாகவே இருத்தல் கூடும். அதே வகை வன்தட்டின் பலகையை மாற்றினால் போதும் என்பது பழங்காலத்து அறிவுரை. இன்று அப்பலகையிலுள்ள நினைவகச் சில்லு, அந்தந்த வன்தட்டுக்கே உரிய அளவீடுகளைக் கொண்டுள்ளது. பழைய சில்லைப் புதிய பலகைக்கு மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றுவது பயன்தராது.

மீண்டபின்னும் தெரியாத தமிழ்

தமிழ்க் கோப்புகளுக்கே உரிய ஆறாவது நிலையொன்றும் உண்டு. வன்தட்டு மீண்டுவிட்டது, கோப்பும் திறக்கிறது, உள்ளே இருப்பதோ தமிழாக இல்லை. பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறியீடுகளுமே நிறைந்துள்ளன. கோப்பு சிதைந்துவிட்டது என்று எண்ணி அழிக்கத் தோன்றும். பெரும்பாலும் அது சிதைவன்று.

யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியேற்றங்களைப் பின்பற்றின. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும், இணையத் தமிழர் கூடி வகுத்த டிஸ்கியும், 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் குறியேற்றங்களும் அவ்வரலாற்றின் பகுதிகள். அக்காலத்துக் கோப்பில் தமிழ் எழுத்து என்பது ஓர் எண்ணே. அவ்வெண்ணைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. எழுத்துரு இல்லாத புதுக்கணினி அவ்வெண்ணுக்கு வேறொரு வடிவத்தைக் காட்டுகிறது. உரிய எழுத்துருவை நிறுவினாலோ, குறியேற்றம் மாற்றும் செயலியால் யூனிகோடுக்கு மாற்றினாலோ தமிழ் திரும்பி வரும். பழைய கோப்புகளைத் தமிழ்ச் சொல்லால் தேடினால் அவை அகப்படாதிருப்பதற்கும் காரணம் இதுவே. ஆகவே, பழைய வன்தட்டை மீட்போர் அதிலுள்ள எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்தே மீட்க வேண்டும்.

ஏடும் படியும்

படியெடுத்தலின் தேவையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். பனையோலை நிலையான பொருளன்று; செல்லும் ஈரமும் அதனை அரிக்கும். பழைய ஏடு நொறுங்குமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியதால்தான் நம் இலக்கியம் வாழ்ந்தது. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க இயன்றதற்கும், வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு படிகள் இருந்தமையே காரணம். வளையாபதிக்கு அப்பேறு வாய்க்கவில்லை. திருவாவடுதுறை மடத்தில் முன்பு தாம் கண்ட அதன் ஏட்டுச்சுவடி, பின்னர் தேடியபோது கிட்டவில்லை என்று அவர் பதிவுசெய்துள்ளார். இன்று அக்காப்பியத்தில் நம்மிடம் எஞ்சியிருப்பவை எழுபது சொச்சம் பாடல்களே.

இக்காலத்திற்கு ஏற்ற நெறியை மூன்று, இரண்டு, ஒன்று என்று சுருக்கிக் கூறுவர். ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் இதனைப் பரவச் செய்தார். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள். அவை இருவகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று வேறிடத்தில். பள்ளிக் கணினியில் ஒன்று, பூட்டிய அலமாரியின் மேல்தட்டில் உள்ள வெளியிணைப்பு வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பகத்தில் ஒன்று என அமைத்துக்கொள்ளலாம். கல்வி அமைச்சு 2020ஆம் ஆண்டில் தொடங்கிய டெலிமா தளத்தின்வழி ஆசிரியர்களுக்கு இணையச் சேமிப்பகமும் கிட்டியுள்ளது. ஆயினும் அதனையே ஒற்றைப் படியாக நம்புதல் கூடாது. அதற்குமுன் பள்ளிகளில் பயன்பட்ட ஃபுரோக் மெய்நிகர் கற்றல் தளம் 2019ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டதை நாம் அறிவோம். தளங்களும் வன்தட்டுகளைப் போன்றே ஆயுள் உடையவை.

வகுப்பறையில் செய்யத்தக்கது

இப்பொருளை மொழிப்பாடத்திலும் கையாளலாம் என்பது நம் கருத்து. 'வன்தட்டு தெரியவில்லை' என்னும் தொடரைக் கரும்பலகையில் எழுதி, அதனைப் பழுது நீக்குவோர்க்குப் பயன்படும் குறிப்பாக விரித்தெழுதுமாறு மாணவரைப் பணிக்கலாம். அக்குறிப்பு ஐந்து வினாக்களுக்கு விடைகூற வேண்டும். சுழலும் ஒலி கேட்கிறதா? வேற்றொலி உண்டா? பயாஸில் பெயர் உள்ளதா? வட்டு மேலாண்மைப் பகுதியில் என்ன காட்டுகிறது? கடைசியாக எக்கணினியில், என்று நன்றாக இயங்கியது? இவற்றோடு, உள்ளே உள்ளவற்றுக்கு வேறு படி உண்டா என்பதையும் ஒரு வரியில் சேர்க்கச் செய்ய வேண்டும்.

இவ்வாறு எழுதப்பட்ட குறிப்பு கடைக்காரர் கைக்குச் சென்றால், அவர் உடனே ஃபார்மட் செய்துவிடும் இடர் குறையும், செலவும் குறையும். எழுதிய மாணவர்க்கோ, கண்டதை உள்ளவாறு சொல்லும் உரைநடைப் பயிற்சி வாய்க்கும். அப்பயிற்சி நடக்கும் அதே வாரத்தில், பள்ளி மலரின் மூலக்கோப்புகளையும் பழைய ஒளிப்படங்களையும் இரண்டாவதொரு வன்தட்டில் படியெடுத்து, எடுத்த நாளை அதன்மேல் ஒட்டிவைப்பதை ஆசிரியர்கள் தொடங்கிவைக்கலாம்.